மெம்பரின் நோட்டு – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் ஊர் முன்னாள் வார்டு உறுப்பினர் காலமானதை ஒட்டி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நானும் அந்த வார்டுக்காரன்தான். கிழக்கு வரிசையில் கோவிலிலிருந்து மூன்றாவது வீடு. இருபத்திரண்டு வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவதோடு சரி.

கோட்டையூரையும் கண்டனூரையும் சேர்த்துக்கொண்டு காரைக்குடியே மாநகராட்சி ஆகிவிட்டது. இந்தக் காலத்தில் ஒரு பேரூராட்சி மெம்பருக்கு இவ்வளவு நீளமாக அஞ்சலி எதற்கு? எங்கள் தெருவுக்கு வாய்க்கால் கட்டித் தருவதாக 1996இல் சொன்னார். இன்னும் வரவில்லை. சுயேச்சையாக ஜெயித்தார், அப்புறம் ஒரு கட்சி, அப்புறம் இன்னொரு கட்சி. கடைசியில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மனைவியை நிறுத்திவிட்டு இவரே நாட்டாமை செய்தார். அந்த அம்மா உட்கார்ந்திருந்த மன்றம்தான் எங்கள் வீட்டு வரியை இரண்டு மடங்காக்கியது. அப்படி என்ன சாதித்துவிட்டார்? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கோபமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை. நீங்கள் சொன்னதில் பாதி சரி.

மனைவி விஷயத்தை நான் எழுதாமல் விட்டது தப்பு. 2022 பிப்ரவரியில் அவர்கள் ஜெயித்த பிறகு முதல் மூன்று கூட்டங்களுக்கு இவர்தான் அஜெண்டாவை வாங்கிப் படித்து, எந்தப் பொருளுக்குக் கை தூக்க வேண்டும் என்று பென்சிலில் டிக் அடித்துக் கொடுத்தார். கூட்டம் முடியும்வரை அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார். அவரோடு இன்னும் இரண்டு பெண் உறுப்பினர்களின் கணவர்கள் நிற்பார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததே, அந்தப் பாதியின் நிழல் இந்த மரத்தடிக் கூட்டம். "என்ன அண்ணே இது?" என்று கேட்டேன். "அவளுக்குப் பழகுற வரைக்கும்தாம்ப்பா" என்றார். உங்களுக்கு யார் பழக்கினார்கள் என்று கேட்க வாய் வந்தது, விட்டுவிட்டேன். 1986க்குப் பிறகு பத்து வருடம் தேர்தலே இல்லாமல் கிடந்து, 1996இல் புதிய சட்டப்படி மன்றம் கூடியபோது இவருக்கும் ஒன்றும் தெரியாது. மினிட் புத்தகத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கிளார்க்கிடம் கேட்டதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கட்சி மாறியதும் உண்மை. சுயேச்சையாக இருந்த ஐந்து வருடத்தில் வார்டுக்கு வாங்க முடிந்தது நாலு தெருவிளக்கு. சேர்மன் பக்கம் உட்காராதவன் வார்டுக்கு வேலை வராது என்று புரிந்தது, பக்கம் மாறி உட்கார்ந்தார். தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் அனுப்பிய பட்டாசுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். நான் பார்த்தேன். அவரைக் காந்தியாக்கி நான் எழுதவில்லை.

ஆனால் வரிக்கு அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். அவர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில். ஏப்ரல் 1ஆம் தேதி அரசின் அறிவிப்பு வந்துவிட்டது: சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில், 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்திருந்தது. மன்றத்துக்கு மிச்சம் வைத்தது தீர்மானம் போடுகிற வேலையை. செட்டிநாட்டில் பெரிய வீடு எதுவும் 1,800 சதுர அடிக்குள் அடங்காது. உங்கள் வீட்டில் நடு முற்றமும் சுற்றுப் பத்தியுமான வளவு மட்டுமே அதைத் தாண்டிவிடும். ஆக ஊரில் முக்கால்வாசிப் பூட்டிய வீடுகளுக்கு இரட்டிப்பு, திட்டு மெம்பருக்கு.

சரி, வாய்க்காலுக்கு வருகிறேன். 2004இல் எஸ்டிமேட் போட்டார்கள். ஓவர்சியர் டேப் பிடித்து அளந்தபோது கிழக்கு வரிசையில் பதினோரு வீட்டின் வாசற்படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. படியை ஓரடி வெட்டினால் வாய்க்கால் நேராகப் போகும். பாட்டையா காலத்துக் கருங்கல் படி, யார் வெட்ட விடுவார்கள்? ஒன்பது வீட்டில் பூட்டு, கேட்க ஆள் இல்லை. திறந்திருந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஆட்சேபணை மனு வந்தது. கோவிலிலிருந்து மூன்றாவது வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனுக்களில் ஒன்று உங்கள் பெரியப்பச்சி கொடுத்தது. அந்த நிதியாண்டு முடிந்தது, பணம் திரும்பிப் போயிற்று. 2006இல் எதிர்த்து நின்றவர் 'படியை இடிக்க வந்தவர்' என்று ஒரே ஒரு வரியைத்தான் தெருத்தெருவாகச் சொன்னார். ஒரு வார்டில் விழுவதே நானூறு, ஐந்நூறு ஓட்டு. பதினேழு ஓட்டில் தோற்றார். போன மாதம் போய்ப் பார்த்தேன், படிகள் அப்படியே இருக்கின்றன. மழைத் தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது.

2011இல் திரும்ப ஜெயித்தார். 2016 அக்டோபரில் மறுபடியும் மனுத் தாக்கல் செய்து, நோட்டீஸ் அடித்து, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2022 வரை மன்றமே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. ஆனால் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் தனி அலுவலரைத் தேடிப் போவார்களா? இவருடைய சைக்கிள் கடைக்குத்தான் வந்தார்கள். பதவி இல்லை, சம்பளம் இல்லை. பதவியில் இருந்தபோதும் கூட்டத்துக்குப் போனால் தரும் படி மட்டும்தான் (உங்கள் வீட்டுப் படி இல்லை). மாதாமாதம் மதிப்பூதியம் என்று வந்ததே 2023இல்தான்: மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500. அது இவருடைய மனைவிக்குக் கிடைத்தது, இவருக்கு அல்ல.

என்ன சாதித்தார் என்று கேட்டீர்கள். ஒரு நோட்டைச் சொல்கிறேன்.

நம் பக்கத்து வீடுகளின் வரி ரசீது யார் பெயரில் இருக்கும்? கட்டிய பாட்டையா பெயரில். அவர் போய் எழுபது வருடம். வீட்டுக்கு இன்று முப்பது பங்கு, நாற்பது பங்கு. ஒருவர் மதுரையில், ஒருவர் கோலாலம்பூரில், சாவி காவல்காரரிடம். பில் கலெக்டர் நோட்டீஸை யாரிடம் கொடுப்பார்? கதவில் ஒட்டுவார், மழை அதைக் கொண்டுபோகும். ஐந்து வருடப் பாக்கி, எட்டு வருடப் பாக்கி. ஊரின் சொந்த வருமானத்தில் பெரும்பகுதி இப்படிப் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்கவும் மேலே கையேந்த வேண்டும்.

இவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வீட்டு வாரியாக எழுத ஆரம்பித்தார். கதவு எண், வரி எண், பங்காளிகளில் யார் பொறுப்பானவர், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, போன் நம்பர், அந்த வீட்டுப் படைப்பு எந்த மாதம். கடைசிக் குறிப்புதான் முக்கியம். வருடத்தில் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற நாள் அது ஒன்றுதான். படைப்பு முடிந்து இலை எடுத்து, முகப்பில் வெற்றிலைத் தட்டு வரும் நேரம் பார்த்து பில் கலெக்டரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பார். "அண்ணே, நல்ல நாள்ல வந்து கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க" என்பார். பங்காளிகளுக்கு முன்னால் என் பங்கு தரமாட்டேன் என்று யார் சொல்வது? அங்கேயே கணக்குப் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, ரசீது கிழித்துவிட்டு வருவார்கள். எந்தச் சட்டத்திலும் வார்டு உறுப்பினருக்கு இந்த வேலை எழுதப்படவில்லை. எந்த மினிட் புத்தகத்திலும் இது கிடையாது.

அந்தப் பணத்தில் உங்கள் தெருவுக்கு வாய்க்கால் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தெற்குத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போயிற்று. அங்கே அவருடைய மச்சான் வீடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற அறுபது வீடுகளும் இருக்கின்றன.

மரத்தடி நிற்பதை அவர் நாலாவது கூட்டத்தோடு நிறுத்தினார். மனம் திருந்தி அல்ல, முழங்கால் வலி. அப்போதுதான் அந்த அம்மா டிக் போடாத அஜெண்டாவோடு உள்ளே போனார்கள். ஒரு குழாய் வேலைக்கான மதிப்பீட்டை எதிர்த்து, சேர்மன் முறைக்க முறைக்கக் கை தூக்காமல் இருந்ததாகக் கேள்விப்பட்டதும் இவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெருமையிலா பயத்திலா என்று கேட்டேன். "ரெண்டும்தாம்ப்பா" என்றார்.

நோட்டு இப்போது அந்த அம்மாவிடம் இருக்கிறது. காரியம் முடிந்த வாரமே பில் கலெக்டரோடு மேலத் தெருவில் ஒரு படைப்பு வீட்டு முகப்பில் நின்றார்கள் என்று சொன்னார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். பொறுப்பானவர் என்ற இடத்தில் உங்கள் சித்தப்பா பெயரும் பழைய மலேசிய எண்ணும் இருக்கின்றன. எண் மாறியிருந்தால் அந்த ஆச்சியிடம் சொல்லிவிடுங்கள்.