சொல்லாமல் கலியாணம் கேட்கப் போகிறவர்களுக்கு: வன்னிக் கேள்வி பதில்

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கி, வன்னிக்குள் நடக்கக்கூடியதை மட்டும் வைத்துப் பதில் தருகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைக்க வேண்டியது நாளும் இடமும் நேரமும்தான். உங்களைக் கட்டுவதா இல்லையா என்ற யோசனை அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வரக் கூடாது. அதை இருவரும் ஏற்கனவே பேசியிருக்காவிட்டால் மோதிரத்தை விட்டுவிட்டு முதலில் பேசுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: அக்கா, இரணைமடுக் குளக்கட்டில வைச்சுக் கேட்கலாமெண்டு நினைக்கிறன். எத்தினை மணிக்குப் போனால் சரி?

நல்ல இடம் தம்பி. சனி, ஞாயிறும் போயா நாளும் வேண்டாம், குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். செவ்வாய், புதன் போன்ற வேலை நாளில் போங்கள். சூரியன் மறைவது ஜூலையில் 6.35 மட்டில், நவம்பர் நடுவில் 5.45 மட்டில். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வித்தியாசம் இருப்பதால் உங்கள் திகதிக்குரிய நேரத்தைப் போனில் பாருங்கள். மறைவதற்கு 40 நிமிடம் முன்னர் அங்கே நில்லுங்கள், 20 நிமிடம் இருக்கும்போது கேளுங்கள். இருட்டிய பிறகு கேட்டால் முகமும் தெரியாது, நுளம்பும் விடாது.

கட்டு குளத்தின் வடக்குப் பக்கம் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் வலது கைப்பக்கம் இறங்கும். படம் எடுக்கிறவர் உங்களுக்கு மேற்கே நின்று கிழக்கு நோக்கி எடுத்தால் இருவர் முகத்திலும் வெளிச்சம் விழும். மாறி நின்றால் வானம் அழகாக வரும், முகம் கறுத்துப் போகும்.

மாரியில் வான்கதவு திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்லில் இறங்கிக் கால் கழுவுவதும் வேண்டாம், குளத்தில் முதலை உண்டு.

வவுனியாவிலிருந்து: அவவுக்குச் சந்தேகம் வராமல் இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போறது எப்பிடி?

பொய்யைச் சின்னதாக வையுங்கள். "கிளிநொச்சியில் சிநேகிதன் வீட்டில் ஒரு விசேஷம்" போதும். அதுவே நல்ல உடுப்போடு வரவும் காரணமாகும். ஏ9 வீதியால் போகிற எல்லோரும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கித்தான் போவார்கள். நீங்கள் இறங்குவதிலும் புதினம் இருக்காது. இறங்கும்போது, ஆயத்தம் செய்ய முதலே குளக்கட்டுக்குப் போன சிநேகிதனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்புங்கள். அந்த இடைவெளியில் அவர் விளக்கெல்லாம் ஏற்றி முடிப்பார். அங்கிருந்து இரணைமடுச் சந்தி கிட்டத்தான்.

பூவும் கேக்கும் அவவின் ஊர்க் கடையில் வாங்க வேண்டாம். கேக்கில் பெயர் எழுதக் கொடுத்தால் பின்னேரத்துக்குள் அவவின் சித்திக்குத் தெரிந்துவிடும். வேறு பட்டினத்தில் வாங்குங்கள். மோதிரத்தைக் கேக்குக்குள் ஒளிக்கிற வேலை மட்டும் வேண்டாம். பல்லில் படும், தொண்டைக்குள் போகும், கல்லைச் சுற்றி ஐசிங் இறுகும்.

மாங்குளத்திலிருந்து: மோதிர அளவு கேட்காமல் எடுக்கிறது எப்பிடி? எத்தினை கிராமில செய்யலாம்?

எல்லாரும் சறுக்குகிற இடம் இது. அவ வழமையாகப் போடும் மோதிரம் ஒன்றை அக்கா, தங்கச்சி மூலமாகப் பத்து நிமிடம் எடுப்பியுங்கள். எந்தக் கை, எந்த விரல் என்பதையும் கட்டாயம் கேளுங்கள், நடுவிரல் மோதிரத்தை அளந்து மோதிர விரலுக்குச் செய்தால் கழன்று விழும். அளக்கும்போது உட்பக்கத்தை அளக்க வேண்டும். மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒரு உள் ஓரத்திலிருந்து எதிர் உள் ஓரத்துக்கு வையுங்கள், இரண்டு திசையில் பாருங்கள். பழைய மோதிரம் நெளிந்திருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வராது, நடு அளவை எடுங்கள். 16.5 மில்லிமீற்றர் வந்தால் சுற்றளவு 52 மில்லிமீற்றர் மட்டில், கனடா அளவில் அது 6. நித்திரை கொள்ளும்போது நூல் சுற்றி அளப்பதை நம்பாதீர்கள். நூல் இழுபடும், விரல் மூட்டின் பருமனும் அதில் வராது. மோதிரம் மூட்டைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்.

வெக்கை காலத்தில் பின்னேரம் விரல் கொஞ்சம் வீங்கும். காலையில் இறுக்கமாக இருக்கும் மோதிரம் மாலையில் ஏறாது. சந்தேகம் இருந்தால் அரை அளவு பெரிதாகவே செய்யுங்கள். பத்தர் பிறகு வெட்டிக் குறைத்துத் தருவார். சுற்றிவரக் கல் பதித்த மோதிரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஏலாது, அதனால் முன்பக்கம் மட்டும் கல் உள்ளதை எடுங்கள்.

ஒரு பவுண் 8 கிராம். அரைப் பவுணுக்கும் குறைவாக, 2 முதல் 3 கிராமுக்குள் நல்ல மோதிரம் செய்யலாம். அதற்குக் கீழே போனால் வளையம் மெலிந்து நெளியும். கல் வைப்பதென்றால் 18 கரட் நல்லது. 22 கரட் மென்மையானது, கல்லைப் பிடிக்கும் பற்கள் நாளடைவில் விரியும். கல்லில்லாத மோதிரத்துக்கு 22 கரட்தான் எங்கள் சனத்துக்குப் பிடித்தது. பற்றுச்சீட்டில் கிராம், கரட், கூலி மூன்றும் தனித்தனியாக எழுதுவியுங்கள்.

பெட்டியோடு காற்சட்டைப் பொக்கற்றில் வைத்தால் புடைத்துக் காட்டிக்கொடுக்கும், மோட்டார் சைக்கிளில் போகும்போது விழவும் கூடும். சின்னத் துணிப்பையில் போட்டு, பொத்தான் உள்ள சேட் பொக்கற்றில் வையுங்கள்.

முள்ளியவளையிலிருந்து: முல்லைத்தீவுக் கடற்கரையில சூரியன் மறையிற நேரம் சரியா அக்கா?

அது கிழக்குக் கரை. கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. பெப்ரவரியில் 6.25, ஜூனில் 5.50 மட்டில் உதயம். விடிய வருவது கஷ்டமென்றால் பின்னேரம் நந்திக்கடல் பக்கம் பாருங்கள், சூரியன் அந்த நீருக்கு மேலேதான் இறங்கும்.

கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் விடியற்காலை கரைவலை இழுப்பார்கள். அவர்களின் பாட்டுக்குள், அதாவது வலை இழுக்கிற கரைத் துண்டுக்குள், விளக்கு வைத்து இடத்தைப் பிடிக்காதீர்கள். முதல்நாளே போய், எந்தத் துண்டில் வலை வராது என்று அவர்களிடமே கேளுங்கள்.

முள்ளிவாய்க்கால் பக்கம் இதற்கு உரிய இடமல்ல. மே 18ஐ ஒட்டிய கிழமையும், நவம்பர் 27ஐ ஒட்டிய கிழமையும் எத்தனையோ வீடுகளில் துக்க நாட்கள். அவவின் வீட்டில் யாருடைய நினைவு நாள் எப்போது வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே திகதி வையுங்கள். அலங்காரத்துக்குக் கார்த்திகைப்பூவும் வேண்டாம். அது இங்கே நினைவேந்தலுக்குரிய பூ, போதாததற்கு நஞ்சும்கூட.

அதே ஆள்: ஆக்களில்லாத வடிவான காட்டுப் பக்கம் ஒண்டு தேடலாமா?

வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னமும் உண்டு. சிவப்புப் பலகை கண்ட இடத்தில் மட்டுமல்ல, சனம் நடந்து பழகாத எந்தப் பற்றைக்குள்ளும் இறங்காதீர்கள். வெள்ளத்தில் வெடிபொருள் இடம் மாறும், பலகையும் அள்ளுப்பட்டுப் போகும். தண்ணிமுறிப்பு போன்ற காட்டோரக் குளங்களில் பின்னேரம் யானை இறங்கும். வடிவை விட உயிர் பெரிசு.

பரந்தனிலிருந்து: மெழுகுதிரி, பலூன், வான விளக்கு எல்லாம் வைக்க விருப்பம்.

வான விளக்கை இப்போதே மறந்துவிடுங்கள். கிடுகு வேலியும் காய்ந்த புல்லும் உள்ள ஊரில் அது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல ஏலாது. பலூனுக்குள் ஐதரசன் அடைத்திருந்தால் மெழுகுதிரிக்குக் கிட்ட வெடித்துத் தீப்பிடிக்கும், வாயால் ஊதியது போதும். முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்குங்கள், மாடு தின்றுவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றில் வெளியில் மெழுகுதிரி நில்லாது. உயரமான கண்ணாடிப் போத்தலுக்குள் மூன்று விரல் உயரம் மணல் போட்டு நட்டால் ஓரளவு நிற்கும். அதைவிட யூஎஸ்பி மின்விளக்குச் சரம் நல்லது. 10 மீற்றர் சரம் இரண்டு, 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்க் ஒன்று, ஒரு மாலைக்குத் தாராளம். ஆனால் சில பவர் பாங்க் மின் இழுவை குறைவாக இருந்தால் தானாக நின்றுவிடும். வீட்டில் ஒரு சரத்தை மட்டும் பூட்டி அரை மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். நின்றால் இரண்டு சரத்தையும் ஒரே பவர் பாங்கில் பூட்டுங்கள், இழுவை கூடும். வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசலும் பூச்சியும் மொய்க்கும், மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள்.

ஆனையிறவிலிருந்து: ட்ரோன் விடலாமா?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும், முகாம்கள் உள்ள பகுதியில் வில்லங்கம் வேறு. படம் எடுக்க ஒரு போன் போதும். அதை விமானப் பயண நிலையில் போடுங்கள், அழைப்பு வந்தால் வீடியோ நின்றுவிடும். 5 ஜீபி இடம் காலியாக இருக்கட்டும்.

கனடாவிலிருந்து: மூன்று கிழமை லீவில வாறன். அவ புதுக்குடியிருப்பில. எப்ப கேட்கலாம்?

முதல் நான்கு நாளும் வேண்டாம். நித்திரை குழம்பியிருக்கும், வீடு நிறையச் சொந்தக்காரர் இருப்பார்கள். கடைசி நாட்களும் வேண்டாம், கேட்டுவிட்டு ஓடுகிற மாதிரிப் போய்விடும். இரண்டாம் கிழமைத் தொடக்கம் சரி, வீட்டார் பேச்சுக்கும் அதற்குப் பிறகு நாள் கிடைக்கும்.

மல்லாவியிலிருந்து: அவவின்ர அப்பா அம்மாவுக்கு முதலே சொல்லோணுமா? அவையள் குறிப்புப் பார்க்கிற ஆக்கள்.

குறிப்புப் பார்க்கிற வீடென்றால் பொருத்தம் முதலே பார்ப்பது நல்லது. பிள்ளை ஓமென்று சொன்ன பிறகு சாத்திரியார் செவ்வாய்க் குற்றம் என்றால், அந்த வேதனை முழுவதும் அவவின் தலையில்தான் விழும். பொருத்தம் பார்த்ததை அவவுக்கு ஒளிக்க வேண்டியதில்லை, நாளை மட்டும் ஒளியுங்கள். வீட்டில் ஒரே ஒருவருக்கு, பெரும்பாலும் அக்காவுக்கோ தாய்மாமனுக்கோ, முன்கூட்டிச் சொல்லுங்கள். கேட்ட அன்று இரவே இருவருமாகத் தகப்பனிடம் போய்ச் சொல்லுங்கள். முகப்புத்தகம் அதற்குப் பிறகுதான். தகப்பன் வேறு வாயால் கேள்விப்பட்டால், சம்மதமாக இருந்தவரும் முறுகிவிடுவார்.

துணுக்காயிலிருந்து ஒரு தங்கச்சி: பொம்பிளைப்பிள்ளை கேட்கலாமா அக்கா?

தாராளமாக. மோதிரத்துக்குப் பதில் கைக்கடிகாரமோ சங்கிலியோ வையுங்கள், அளவுப் பிரச்சினையும் இல்லை.

விசுவமடுவிலிருந்து: என்ன சொல்லிக் கேட்கிறது? முழங்காலில நிக்கோணுமா?

விருப்பமென்றால் நில்லுங்கள், கட்டாயமில்லை. நின்றால் ஒரு துணியை விரியுங்கள், மோதிரம் விழுந்தாலும் மணலுக்குள் போகாது. பேச்சு மூன்று வசனம் போதும்: அவவில் உங்களுக்குப் பிடித்த ஒன்று, இனி எப்படி வாழ நினைக்கிறீர்கள், பிறகு நேரான கேள்வி, "என்னைக் கலியாணம் செய்வீரா?" வழமையாக "நீர்" என்றால் "நீர்", "நீ" என்றால் "நீ". மனப்பாடம் செய்த கவிதை பாதியில் மறந்துபோகும்.

நெடுங்கேணியிலிருந்து: "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டால் என்ன செய்யிறது?

"சரி" என்று சொல்லி மோதிரத்தை உள்ளே வையுங்கள். திரும்பக் கேட்காதீர்கள். இதற்காகத்தான் சிநேகிதர் பத்துப்பேரைச் சுற்றி நிறுத்த வேண்டாம் என்கிறேன். கைதட்டக் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை மனதில் உள்ளதைச் சொல்ல ஏலாது. இரண்டு பேர் போதும், ஒருவர் அவவுக்கு வேண்டியவராக இருக்கட்டும். இருட்டுமுன் அவ அவரோடு வீடு போக ஒரு வாகனம் தயாராக இருக்க வேண்டும். வீடியோவை அவவுக்கு முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

கனகராயன்குளத்திலிருந்து: அண்டைக்கு மழை வந்தால்?

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வெளியிடத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். சிநேகிதர் வீட்டு விறாந்தை ஒன்றைச் சொல்லி வையுங்கள். காலை 10 மணிக்கு வானம் மூடியிருந்தால் அப்போதே இடத்தை மாற்றுங்கள், பின்னேரம் வரை பார்த்திருந்தால் விளக்குச் சரம் நனைந்த பிறகுதான் மாற்றுவீர்கள்.