கிராமத்து அஞ்சல் ஊழியர்கள் ஏன் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்கிறார்கள்? அவர்களுக்கு இருப்பது அரசு வேலைதானே?

என் பெரியப்பா எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தை நாற்பது ஆண்டுகள் நடத்தி, 2019 மே மாத இறுதியில், 65 வயது நிறைந்ததும் பணியிலிருந்து விலகியவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் "அரசு வேலைதானே" என்பதற்கு வருகிறேன். இந்தியாவில் அஞ்சலகங்களில் மிகப் பெரும்பாலானவை கிராமங்களில்தான் இருக்கின்றன. அங்கே கிளை அஞ்சலகத்தை நடத்துபவரும் தபால் கொண்டு வந்து கொடுப்பவரும் 'கிராமின் டாக் சேவக்' என்ற வகையினர். எங்கள் ஊரில் பழக்கத்தால் இன்றும் 'ஈ.டி.' என்றே சொல்வார்கள். துறைக்குப் புறம்பான ஊழியர் என்பது அந்தப் பழைய பெயரின் பொருள். பெயர் மாறியதே தவிர, புறம்பானவர் என்ற நிலை மாறவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் இவர்களிடம் வேலை வாங்கப்பட மாட்டாது, இவர்களுக்குப் பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், மத்திய அரசு ஊழியர்களுக்கு இணையாக எதையும் கோரக் கூடாது என்று விதிகளே சொல்கின்றன. வாங்குவதும் சம்பளம் என்று அழைக்கப்படுவதில்லை. பணி நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும் 'படி' என்றுதான் அழைக்கப்படுகிறது.

தாளில் இருக்கும் அந்த நான்கைந்து மணி நேரம் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அஞ்சலகத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அதை நடத்துபவருடையது என்பதால், எங்கள் முன்னறைதான் அலுவலகம். காலையில் பெரியப்பா முத்திரைக் கட்டையில் தேதி அச்சுகளை மாற்றி, ஒரு கழிவுத்தாளில் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். பேருந்தில் வரும் தபால் பை தாமதமானால் அவருடைய சாப்பாடும் தாமதமாகும். வயலிலிருந்து திரும்பியவர்கள் இரவு எட்டு மணிக்கு ஆர்.டி. என்ற மாதாந்திரச் சேமிப்புப் பணத்தைக் கட்ட வந்து கதவைத் தட்டுவார்கள். வாங்காமல் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. பிறகு கையடக்கக் கருவி வந்தது. சிக்னலுக்காக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்ற நேரத்தையெல்லாம் யாரும் பணி நேரமாகக் கணக்கிடவில்லை.

சங்கங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருவதும் இந்த நேரக் கணக்கைத்தான். வேலையைப் பகுதி நேரம் என்று வைத்திருக்கும் வரை ஓய்வூதியம், விடுப்பு, பணி உயர்வு எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகக் காட்ட முடியும். உச்ச நீதிமன்றம் 1977-ல் ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசின் குடிமைப் பதவியே என்றும், அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவுப் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதனால் விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்ற அளவுக்கு நிம்மதி கிடைத்தது. வருமானத்துக்கு வழி பிறக்கவில்லை. இவர்களுடைய படியையும் பணி நிலையையும் ஆராய்ந்த நீதிபதி தல்வார் குழு 1997-ல் ஓர் அறிக்கை தந்தது, பிறகு வேறு குழுக்களும் வந்தன. கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் கொடுத்த அறிக்கையோ ஒன்றரை ஆண்டு கிடப்பில் கிடந்தது.

அதை நகர்த்தியது 2018 மே 22-ல் தொடங்கிய காலவரையற்ற வேலைநிறுத்தம். பதினாறாம் நாளான ஜூன் 6-ல் மத்திய அமைச்சரவை புதிய படிக்கு ஒப்புதல் அளித்தது. கிளை அஞ்சலக அலுவலருக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தது 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாய்; மற்றவர்களுக்கு முறையே 10,000, 12,000. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. எட்டு மணி நேர வேலையும் ஓய்வூதியமும் கேட்டு 2023 டிசம்பரில் மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த மார்ச்சில், 12, 24, 36 ஆண்டுப் பணிக்கு ஆண்டொன்றுக்கு 4,320, 5,520, 7,200 ரூபாய் கூடுதலாகத் தருவதாக அறிவிப்பு வந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் முதலாவது 360 ரூபாய். இதற்கும் போராட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குக் கசக்கிறது.

சங்கங்களிடமும் குறை உண்டு. ஒரே கோரிக்கைக்காகப் பல சங்கங்கள் தனித்தனியே தேதி குறிப்பதை நான் கண்டிருக்கிறேன். வேலைநிறுத்தத்தால் கிராமத்து மக்கள் அவதிப்படுவதும் உண்மைதான்.

2018-ன் அந்தப் பதினாறு நாட்களும் பெரியப்பாவுக்குச் சங்கடமாகவே கழிந்தன. அலுவலகம் சொந்த வீட்டிலேயே இருப்பவர் எங்கே போய் வேலைநிறுத்தம் செய்வது? முன்னறையைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ஆர்.டி. கட்ட வந்த பாட்டி ஒருவர், "வேலை இல்லைன்னா நீ ஏன்யா இங்க உக்காந்திருக்க?" என்று கேட்டார். அபராதம் விழுந்தால் தானே கட்டிவிடுவதாகச் சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

புதிய படியை அவர் வாங்கியது பதினொரு மாதங்கள். மத்திய அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவருக்கு இல்லை. முன்னறை இப்போது காலியாக இருக்கிறது. படிவம் நிரப்பித் தரச் சொல்லி இன்னமும் யாராவது கதவைத் தட்டுகிறார்கள்.