ஓப்பன் பேக் ஹெட்போன் உங்கள் அறைக்கு ஒத்துவருமா?

ஆரையம்பதி வாசகர் ஒருவரின் கேள்வி: "இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நண்பர்களோடு வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேம்களை விளையாடுவேன். அதன்பின் திரையிசையும் எங்கள் பகுதியில் பதிவு செய்த கூத்துப் பாடல்களும் கேட்பேன். இப்போதுள்ள மூடிய கேமிங் ஹெட்செட்டை அணிந்தால் சிறிது நேரத்திலேயே காது வியர்த்துவிடுகிறது. மெத்தையின் ரெக்சினும் உரியத் தொடங்கிவிட்டது. நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். பக்கத்து அறையில் தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இடைச்சுவர் கூரை வரை போகாது. எதை வாங்கலாம்? தனியாக ஆம்ப்ளிஃபயர் தேவையா? மைக்கிற்கு என்ன செய்வது?"

உங்கள் தேவைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓப்பன் பேக், அதாவது கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்திருக்கும் ஹெட்போன் உங்களுக்குப் பொருத்தமானதுதான். ஆயினும் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த இடைச்சுவரே இந்த முடிவில் முதலிடம் பெறவேண்டும் என்று கருதுகிறேன். இவ்வகை ஹெட்போனை வாங்குவோர் பெரும்பாலும் மாடலின் பெயரைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். அறையில் தொடங்குவதே சரியான வழி.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெட்போனில் ஒலியெழுப்பும் பகுதியான டிரைவரிலுள்ள மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது ஒலி காதை நோக்கி மட்டுமன்றிப் பின்பக்கமும் பிறக்கிறது. மூடிய ஹெட்போனில் அந்தப் பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் அடைபட்டு, சுவரில் மோதித் திரும்பி, முன்பக்க ஒலியோடு கலந்துவிடும். திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்புறம் வலைத்தட்டாக இருப்பதால் அது தடையின்றி வெளியேறுகிறது. அடைத்த பெட்டிக்குள் இருந்து கேட்பது போன்ற உணர்வு குறைந்து, இசை தலைக்கு வெளியே சற்றுப் பரந்து ஒலிக்கிறது. செனைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414தான் இந்த அமைப்பைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. காற்றோட்டம் இருப்பதால் காதைச் சுற்றி வெப்பம் தேங்குவதும் வெகுவாகக் குறையும். ஆனால் ஒலி வெளியேறும் அதே வழியாக வெளியுலகமும் உள்ளே வரும். நீங்கள் கேட்பது அறையில் இருப்பவருக்குக் கேட்கும். அறையில் சுழலும் ஃபேனின் இரைச்சல் உங்களுக்குக் கேட்கும்.

எனவே பணம் செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். வழக்கமாக விளையாடும் நேரத்தில், வழக்கமான ஒலியளவில், இப்போதைய ஹெட்செட்டைக் கழற்றி அதன் கிண்ணங்களின் காதுப்பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு மேசையில் வைத்துவிட்டு, தங்கையின் அறைக்குப் போய் அவருடைய கதிரையில் அமர்ந்து கேளுங்கள். காதில் அணிந்திருக்கும் ஓப்பன் பேக் ஹெட்போனிலிருந்து வரும் கசிவு பொதுவாக இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அங்கே எதுவும் கேட்காவிட்டால் தயக்கமின்றி வாங்கலாம். துப்பாக்கிச் சத்தம் தெளிவாகக் கேட்குமானால், பரீட்சை முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது. உயர்தரப் பரீட்சையின் கடைசி மாதங்களில் ஒரு பிள்ளையின் அமைதியைக் கெடுக்குமளவுக்கு எந்த ஹெட்போனும் பெறுமதியானதல்ல என்பதை உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதாக, ஃபேனை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்செட்டின் இரு கிண்ணங்களையும் காதிலிருந்து ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள். காலடி ஓசை ஃபேனின் இரைச்சலில் மூழ்கினால், ஓப்பன் பேக்கிலும் அதே சிக்கலைச் சந்திப்பீர்கள்.

இந்த இரண்டாவது சோதனையைச் சிறிதாக எண்ணவேண்டாம். வெளி இரைச்சல் உள்ளே வரும்போது கை தானாகவே ஒலியளவைக் கூட்டும். காதுக்கான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்தவர்கள் வாரத்தில் 40 மணிநேரம்வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 83 டெசிபலில் 20 மணிநேரம், 86 டெசிபலில் 10 மணிநேரம் மட்டுமே. தினமும் இரவில் சில மணிநேரம் கேம் விளையாடுபவருக்கு இந்த 10 மணிநேரம் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடும். ஃபேனின் வேகத்தை ஒரு படி குறைப்பதும், கூரை ஃபேனுக்குப் பதிலாகச் சற்றுத் தள்ளி ஒரு மேசை ஃபேனை வைப்பதும் ஒலியளவைக் கூட்டுவதை விட எவ்வளவோ மேல்.

பருவகாலமும் கணக்கில் சேரவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில் ஓப்பன் பேக்கின் பயனை முழுமையாக உணர்வீர்கள். மாரிகாலத்தில் தகரத்திலோ அஸ்பெஸ்டஸ் சீட்டிலோ மழை கொட்டும் இரவுகளில் அதனால் பயனில்லை. ஆகவே பழைய மூடிய ஹெட்செட்டை எறிந்துவிடாமல், மெத்தையை மட்டும் மாற்றி மழை இரவுகளுக்கென வைத்திருங்கள்.

அடுத்து, கேம். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பதை நம் செவிகள் இரண்டு வகையான குறிப்புகளால் அறிகின்றன. ஒரு பக்கத்து ஒலி மறு காதை அடையும்போது ஏற்படும் தாமதமும் ஒலிக்குறைவும் இடம் வலத்தைச் சொல்கின்றன. அந்தத் தாமதம் அதிகபட்சமே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவு. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காது மடலின் வளைவுகள் ஒலியின் உயர் அதிர்வெண்களில் உண்டாக்கும் மாற்றங்கள் சொல்கின்றன. இந்த இரண்டையும் கணக்கிட்டு இரு சேனல் ஒலியாகத் தரும் எச்ஆர்டிஎஃப் வசதி நீங்கள் விளையாடும் இரு கேம்களிலும் உண்டு. ஆகவே பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் '7.1 சரவுண்ட்' என்ற வாசகத்துக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கவேண்டாம். அவ்வகை ஹெட்செட்களில் பெரும்பாலானவை ஒரு காதுக்கு ஒரு டிரைவரையே கொண்டவை. மீதி வேலையை மென்பொருளே செய்கிறது. கேமுக்குள் எச்ஆர்டிஎஃபை இயக்கினால் கணினியிலுள்ள விண்டோஸ் சோனிக், டொல்பி அட்மோஸ் போன்ற சரவுண்ட் மென்பொருள்களை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இயங்கும்போது திசைக்குறிப்புகள் குழம்பிவிடும். விலை கூடிய ஹெட்போன் வைத்திருந்தும் "எங்கிருந்து சுடுகிறான் என்றே தெரியவில்லை" என்று முறையிடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். புளூடூத்தையும் தவிர்த்துவிடுங்கள், அதன் தாமதம் இத்தகைய கேம்களுக்கு ஒவ்வாது.

இசையைப் பொறுத்தவரை, நீங்கள் கூத்துப் பாடல்களைக் குறிப்பிட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல், அதைத் தொடரும் பிற்பாட்டுக்காரர்கள், மத்தளம், சல்லரித் தாளம் ஆகியவை நெருக்கமாக ஒலிக்கும் வடமோடிக் கூத்துப் பதிவொன்றில், ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தறியும் இன்பத்தை நல்ல ஓப்பன் பேக் ஹெட்போன் தரும். ஆனால் பதிவில் இல்லாத இடவெளியை அது உருவாக்கித் தராது. கைத்தொலைபேசியில் ஒற்றைச் சேனலாகப் பதிவானது எந்த ஹெட்போனிலும் தலைக்கு நடுவிலேதான் கேட்கும். இன்னொன்று, பெரும்பாலான ஓப்பன் பேக் ஹெட்போன்களில் பேஸ் எனப்படும் ஆழமான தாழ்ந்த ஒலி குறைவு. அடைபட்ட காற்றின் அழுத்தம் இல்லாததால், திரைப்பாடலின் அடித்தாளமும் கேமில் வெடிக்கும் குண்டும் நீங்கள் பழகிய கனத்தோடு வரமாட்டா. சில நாட்களில் காது பழகிவிடும். பழகாவிட்டால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் பேஸைச் சிறிது உயர்த்தலாம். உயர்த்தும் அதே டெசிபல் அளவுக்கு மொத்த ஒலியளவை அந்த மென்பொருளிலேயே குறைத்துவிட்டால் ஒலி சிதையாது.

ஆம்ப்ளிஃபயர் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. மின்தடையைக் குறிக்கும் ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஹெட்போனின் உணர்திறனையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். செனைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வெறும் 25 ஓம்தான். ஆனால் அதன் உணர்திறன் குறைவு என்பதால் அதற்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆம்ப்ளிஃபயர் இருப்பது நல்லது. இடைப்பட்டவற்றுக்குக் கணினியின் பின்பக்க ஜாக்கே பெரும்பாலும் போதும். முன்பக்க ஜாக்கில் மவுஸை அசைக்கும்போது கீச்சென்ற மெல்லிய இரைச்சல் கேட்டால், முதலில் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். அங்கும் தொடர்ந்தால், டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான மின்சமிக்ஞையாக மாற்றும், யூஎஸ்பியில் செருகும் சிறிய டிஏசி ஒன்றே அதைத் தீர்த்துவிடும். குறைந்த ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்குவதானால், ஆம்பின் வெளியீட்டு ஓம் ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்கட்டும். மேற்பட்டால் பேஸ் தளர்ந்துபோகும்.

இனி, எதை வாங்குவது? உங்கள் நிலையில் நான் செனைசர் எச்டி 560எஸ்ஸையே தெரிவு செய்வேன். 120 ஓம், சுமார் 240 கிராம் எடை. ஆம்ப் இல்லாமலே போதிய ஒலி தரும். பேஸ் அளவானது, திசைத்தெளிவு நன்று. புதிதில் இதன் பிடி இறுக்கமாக இருப்பதால் கண்ணாடிக் காம்புகள் கன்னப்பொறியில் அழுத்தலாம். இரவில் சில புத்தகங்களின் மேல் விரித்து மாட்டி வைத்தால் சில நாட்களில் தளர்ந்துவிடும். பணம் போதாவிட்டால் பிலிப்ஸ் எஸ்எச்பி9500 சிறந்த மாற்று. அது 32 ஓம், பிடி மென்மையானது, கண்ணாடி அணிபவருக்கு இதமானது. அதன் காது மெத்தைகளை எளிதில் மாற்ற இயலாது என்பது குறையே. பலரும் புகழும் பேயர்டைனமிக் டிடி 990 புரோவை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் 8 கிலோஹேர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் பகுதியிலுள்ள உயர்வு சல்லரியையும் துப்பாக்கியையும் ஊசிபோல் கூர்மையாக்கும்; நீண்ட நேரம் கேட்கும்போது செவி களைத்துவிடும். ஓடியோ டெக்னிக்கா ஏடிஎச்-ஏடி700எக்ஸ் கேமில் பரந்த ஒலிவெளியைத் தருவது உண்மை. ஆனால் பேஸ் மிக மெலிந்திருப்பதால், மத்தளத்தை நேசிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

மைக்கைப் பொறுத்தவரை, எஸ்எச்பி9500இல் வயர் 3.5 மில்லிமீற்றர் ஜாக்கிலிருந்து கழற்றக்கூடியதாக இருப்பதால், மைக்கோடு சேர்ந்த வீ-மோடா பூம்புரோ வயரை அதில் நேராகச் செருகலாம். எச்டி 560எஸ்ஸில் அப்படிச் செருக இயலாது. கிண்ணத்தில் காந்தத்தால் ஒட்டும் மைக்கோ, சட்டையில் குத்தும் சிறிய மைக்கோ வாங்குங்கள். மேசை மைக்கை விட இவை வாய்க்கு அருகில் இருப்பதால் ஃபேன் இரைச்சல் குறைவாகவே பதிவாகும். ஒலியும் மைக்கும் ஒரே ஜாக்கில் சேர்ந்து வரும் வயரென்றால், கணினியின் இரு துளைகளுக்கும் பிரித்துத் தரும் ஒய் வடிவ வயர் ஒன்றும் தேவைப்படும். உங்கள் வீட்டுக்கு ஏற்ற இன்னொரு நன்மையும் உண்டு. காது அடைபடாததால் உங்கள் சொந்தக் குரல் உங்களுக்கு இயல்பாகக் கேட்கும். மூடிய ஹெட்செட் அணிந்தவர்கள் தம்மையறியாமல் உரக்கப் பேசுவது இங்கே தவிர்க்கப்படுகிறது. கூரை வரை போகாத சுவரைத் தாண்டித் தங்கையை அதிகம் தொல்லைப்படுத்துவது ஹெட்போனின் கசிவை விட விளையாடுபவரின் குரலாகவே இருக்கும்.

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ உள்ள கணினிக் கடைகளில் பெரும்பாலும் மூடிய கேமிங் ஹெட்செட்களே கண்ணில் படும். கொழும்பு செல்லும் வாய்ப்பிருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரியுங்கள். உங்கள் கண்ணாடியோடு அணிந்து பார்க்கக் கடைக்காரர் இசைந்தால் அதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. கட்டாரிலோ லண்டனிலோ உள்ள உறவினர் மூலம் எடுப்பித்தால் விலை குறையலாம். ஆனால் பழுதானால் உத்தரவாதத்தை இங்கே கோர முடியாமற் போகக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வழமையான விலையில் பாதிக்கு ஒரு பிரபல மாடல் கிடைத்தால், தொடர் இலக்கத்தைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கவேண்டாம்.

வாங்கியபின் கவனிக்கவேண்டியது கடற்காற்றுத்தான். மூடிய ஹெட்போனை விட இதன் உட்புறம் உப்புக்கும் தூசுக்கும் அதிகமாகத் திறந்திருக்கிறது. மேசையில் திறந்தபடி விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் பொதிகள் இட்ட பெட்டியில் வையுங்கள். ஜாக்கின் உலோகப் பகுதியை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள். வெல்வெட் மெத்தைகளைக் கழற்ற முடிந்தால் சிறிதளவு சவர்க்கார நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். வலைத்தட்டை ஒருபோதும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசைத் தட்டினால் போதும்.