14 மறுப்புகளும் உங்கள் மகளும்

அன்புள்ள அம்மா,

சுங்கை சிப்புட் சந்தையில் என்னை நிறுத்தி, "சார், பிள்ளை சரியா சாப்பிட மாட்டேங்குது" என்றீர்களே, அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து பேசிவிட்டேன். பதிலை எழுதியே தருகிறேன். இரவில் நிதானமாகப் படியுங்கள்.

ரப்பர் தோட்டத்துப் பாட்டியைப் பற்றி இங்கிலீஷில் எழுதிய தன் நாவலுக்கு, பதிப்பகம் தேடித் தரும் லண்டன் ஏஜெண்டுகளிடமிருந்து வந்த 14 மறுப்பையும் கைப்பேசியில் வரிசையாகக் காட்டினாள். அதில் 13 ஒரே அச்சு: 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை.' அவள் எழுத்து நல்லதா கெட்டதா என்று அதில் ஒரு சொல்கூட இல்லை அம்மா. புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தால் எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பெரும்பாலும் 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமை என்றால் 20. அதுதான் ஏஜெண்டின் வருமானம். தன்னால் விற்க முடியும் என்று தோன்றாத கதையை, பிடித்திருந்தாலும் எடுக்கமாட்டார்.

பதினான்காவது வேறு மாதிரி. பாட்டி வந்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை, ஆனால் பாட்டி வரவே நேரமாகிறது என்று ஒருவர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். அத்தனை கடிதங்களுக்கு நடுவே அந்த இரண்டு வரி பெரிய விஷயம். நானும் படித்துப் பார்த்தேன். முதல் நான்கு பக்கம் மலாயாவுக்கு ரப்பர் வந்த வரலாறு. ஐந்தாம் பக்கத்தில்தான் பாட்டி விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடுகிறார், முதல் மரத்தில் கோடு கீறுகிறார், மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்து நிற்கிறார். கதை அங்கேதான் தொடங்குகிறது என்றேன். முகம் சுண்டிவிட்டது. அப்புறம் பென்சிலை எடுத்து நான்கு பக்கத்தையும் அவளே அடித்தாள்.

தோட்டத்துக் கதையை இங்கிலீஷில் யார் படிப்பார் என்று கேட்டீர்கள். கெடா பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981-லேயே அப்படி ஒரு நாவலை வெளியிட்டவர். நம் சராஸ் மாணிக்கம் 2019-இல் காமன்வெல்த் சிறுகதைப் பரிசில் ஆசிய வட்டாரத்துக்கு வென்றார். அந்தப் போட்டிக்குக் கட்டணம் கிடையாது, 18 வயது ஆகியிருந்தால் போதும், 2,000 முதல் 5,000 சொல் வரை. தமிழிலும் அனுப்பலாம். பாட்டியின் பெரட்டுக் காட்சியை ஒரு சிறுகதையாக்கு என்று சொல்லியிருக்கிறேன். நாவலைத் திருத்திய பிறகு ஒரே நாளில் இருபது பேருக்கு அனுப்பாமல், ஐந்தைந்தாக அனுப்பட்டும். பதில் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், சிலரிடமிருந்து வரவே வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், அவளும் சேமிப்பை எடுக்கப் பார்த்தாள். ஒழுங்கான ஏஜெண்ட் முன்பணம் கேட்கமாட்டார். ஒரு வெள்ளிகூடக் கொடுக்க விடாதீர்கள்.

சரி, பிழைப்புக்கு என்ன வழி? ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் தேர்வை முடித்த பிள்ளை, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூவில் விண்ணப்பிக்காமல் ஏஜெண்டுகளின் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் எனக்குக் கவலை. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பு இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. மூன்று மொழியும் சரளமாக வருகிற பிள்ளைக்கு மொழிபெயர்ப்பும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையும்கூடப் பொருந்தும். சம்பளம் வரத் தொடங்கினால் அடுத்த மறுப்பு இவ்வளவு வலிக்காது. எழுத்தை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ராத்திரி சோறு போடும்போது "பதில் வந்துச்சா?" என்று கேட்பதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தட்டை அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

வரும் ஞாயிறு அவளை அனுப்பிவையுங்கள், யூபியூ விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புகிறோம். முடிந்தால் பாட்டியையும் கூட்டி வாருங்கள். பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது யார் எங்கே நிற்பார்கள் என்று அவளுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறதாம்.