அம்மம்மாவின் காணி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பொத்துவில்காரி. அறுகம்குடாவுக்கு நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. சுற்றுலாச் சீசன் தொடங்கினால் இரவில் பாட்டுச் சத்தம், மீன் விலை கேட்கவே பயம். அம்மாவும் நானும் பின்னேரத்தில் உட்காரும் இடத்தில் இப்போது ஹோட்டல்காரர்களின் கதிரைகள். ஒக்டோபர் போனால் பாதிக் கடை பூட்டு. சுனாமிக்குப் பிறகு அம்மம்மா மறுபடி வீடு கட்டிய 15 பேர்ச் காணியை (ஏக்கரில் பத்திலொரு பங்குகூட வராது), கொழும்பிலிருந்து ஒருவர் 30 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டு மலைநாட்டில் எல்ல என்ற உங்கள் ஊர்ப் பக்கம் வந்து அமைதியாக இருக்கலாம் என்கிறான் தம்பி. அங்கேயே இருப்பவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

---

அன்புத் தங்கைக்கு,

அமைதிக்காக எல்லவுக்கு வருவதென்றால் வேண்டாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு நாள் முன்னால் இங்கேதான் இருந்திருப்பார்கள். வெல்லவாய, மொனராகலை வழியாக இறங்கி உங்களிடம் வருகிறார்கள். இங்கேயும் டவுனில் வாடகைக்கு வீடு தேடினால், சீசனுக்கு முன் காலி செய்வீர்களா என்பதுதான் முதல் கேள்வி. மரக்கறிக்குப் பண்டாரவளைக்கு பஸ் ஏறுகிறோம். பதுளைக்கு ரயிலில் போகலாமென்று ஸ்டேஷனுக்குப் போனால் ஏற இடமில்லை.

போன மாதம் ஒன்பது வளைவுப் பாலத்தருகே ஒன்று பார்த்தேன். கல்லும் செங்கலும் சீமெந்துமாக, இரும்பே இல்லாமல் 1921இல் கட்டிய பாலம், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில். ரயில் வர நேரமானதால் தண்டவாளம் முழுக்க ஆட்கள். விறகுக்கட்டோடு ஒரு அக்கா வந்தார். வழி விடச் சொல்லிக் கேட்கவில்லை, கட்டை இறக்கவும் இல்லை, கழுத்து நரம்பு புடைக்க ஒரு ஓரமாக நின்றார், ரயில் போய்ப் படமெல்லாம் எடுத்து முடியும்வரை. அது அவர் தினமும் வீட்டுக்குப் போகும் வழி. நான்தான் முன்னால் போய்ச் சத்தம் போட்டு வழி எடுத்தேன்.

இதெல்லாம் இருந்தும் நான் இந்த ஊரை வெறுக்கவில்லை. வருகிறவர்கள் வரட்டும். என் கவலை காணியைப் பற்றியது, உங்களுக்கு எழுதுவதும் அதற்காகத்தான்.

என் அம்மா 31 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த மலை, சின்ன சிவனொளிபாதமலைக்குப் போகும் பாதைக்குக் கீழே இருக்கிறது. லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், நின்றால் எதிரே எல்ல மலை, அதற்கப்பால் தெற்கே சமவெளி. ஒருநாள் வழிதவறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இங்கே தங்கலாமா, எவ்வளவு என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். அந்த வீடு எங்களுடையது இல்லையே. ஒரு தகரம் மாற்றவே தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நிலம் அரசினுடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மலையகம் வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம், வீடு கட்ட 7 பேர்ச் கேட்டு ஃபைலோடு அலைகிறவர்கள் இன்னமும் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

எங்கள் பையன்களுக்கு ஹோட்டலில் வேலை கிடைக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்ததே 2024இல்தான். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், அடுத்த வருடம் கொரோனா வந்தபோதும், நான் அறிந்தவரை முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான். சொந்தக் காணியில் இரண்டு ரூம் வைத்திருந்தவர்களும் கஷ்டப்பட்டார்கள், ஆனாலும் ரூமைப் பூட்டிவிட்டுப் பின்னால் போஞ்சி நட்டார்கள். சொந்தக் காணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

அதனால் 30 வருடத்துக்குக் கொடுக்காதீர்கள். மொத்தமாக வரும் பணம் ஒரு கல்யாணத்திலும் ஒரு த்ரீவீலிலும் கரைந்துவிடும், காணி திரும்பிவரும்போது தம்பிக்குத் தலை நரைத்திருக்கும். ஒரு ரூமும் குளியலறையும் கட்டி நீங்களே சீசனுக்கு வாடகைக்கு விடுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கட்டுவதற்கு முன் கரையோரம் பேணல் திணைக்களத்தில் கேளுங்கள். அப்புறம், உங்களிடம் இருப்பது உறுதியா (சொந்தக் காணிப் பத்திரம்), பெர்மிட்டா (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்) என்று பாருங்கள். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் யாரோடும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். பணநெருக்கடி என்றால் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடத்துக்கு, நொத்தாரிசு முன்னால் எழுதிக் கொடுங்கள்.

இங்கே காணி வாங்கும் எண்ணம் தம்பிக்கு இருந்தால், சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தைக் காட்டுவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்தால் எங்கள் லயத்தில் யாரும் கண் மூடுவதில்லை. கடல் வந்ததைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கதிரை விஷயம். கடற்கரை எந்த ஹோட்டலின் சொத்தும் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் பாயை விரித்து உட்காருங்கள். எழும்பச் சொன்னால் எழும்பாதீர்கள்.

தம்பியை ஒரு தடவை இங்கே அனுப்புங்கள், அம்மாவின் வாசலில் உட்காரவைத்துப் பேசுகிறேன். கொழும்புக்காரருக்கு அதுவரை ஒரு பதிலும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
அண்ணா