அறை வாடகை கூடினால் மருத்துவர் கட்டணத்திலும் ஏன் பிடிக்கிறார்கள்?
மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறை வாடகை வரம்பு இருக்க, 8,000 ரூபாய் அறையில் தங்கியதால், 80,000 ரூபாய் மருத்துவர் கட்டணத்தில் காப்பீட்டு நிறுவனம் 50,000 மட்டுமே தந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். அறையின் தரத்துக்கேற்பப் பல மருத்துவமனைகள் மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்களையும் உயர்த்துவதால், அவற்றையும் எட்டில் ஐந்து என்ற அதே விகிதத்தில் குறைக்கப் பாலிசி இடம் தருகிறது. ஆனால் மருந்து, ஸ்டென்ட், ரத்தப் பரிசோதனை, ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இலேயே சொல்லியிருக்கிறது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் அங்கும் கூடாது. நியாயமாக வரவேண்டிய பணம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கியிருக்கும் என்பதால், இனவாரியான பில்லையும் கழிவு விவரத்தையும் எழுத்தில் வாங்கி, வரிவரியாக ஒப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.