வலையில் சிக்கிய விமானத் துண்டை என்ன செய்வது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் விசைப்படகு வைத்திருக்கிறேன். போன வாரம் வடகடலில் (பாக் விரிகுடா) இழுத்த மடியில் (இழுவலை) கை நீளத்துக்கு ஒரு தகடு வந்தது. வலையும் கிழிந்துவிட்டது. எடையே இல்லாத உலோகம், வரிசையாக ரிவெட், உட்பக்கம் எண் பொறித்த சிறு பட்டை. விமானத் துண்டு என்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் விலைக்குக் கேட்கிறார். ஊர்ப் பெரியவர்களோ, "போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டாம், திரும்பக் கடலிலேயே போடு" என்கிறார்கள். என்ன செய்யலாம்? வலைக்கு யார் பணம் தருவார்கள்?

பதில்: விற்கவும் வேண்டாம், கடலில் போடவும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பதில் விலைமதிப்புள்ளது அந்தச் சிறு பட்டைதான். விமானத்தின் பல பாகங்களுக்குத் தனித்தனி எண் உண்டு. செய்த நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் எந்த விமானத்தில் பொருத்தப்பட்டது என்று தெரிந்துவிடும். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்று 2015 ஜூலையில் ரீயூனியன் தீவுக் கரையில் ஒதுங்கியது. உள்ளே இருந்த எண்களை வைத்துத்தான் அது அந்த விமானத்தினுடையது என்று உறுதி செய்தார்கள். அதில் ஒட்டி வளர்ந்திருந்த கொட்டலசு என்ற ஓட்டு உயிரியைக்கூட அறிஞர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். ஆகவே தேய்த்துக் கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள். காஸ் வைத்து வெட்ட யாரையும் விடாதீர்கள்.

இனி சட்டம். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் 2024 நடைமுறையில் இருக்கிறது. பயணிகள் விமானமோ தனியார் விமானமோ விபத்துக்குள்ளானால் விசாரிப்பது டெல்லியில் உள்ள விமான விபத்து விசாரணைப் பணியகம். உரிமம் தருவதும் விதி மீறியவர் மேல் நடவடிக்கை எடுப்பதும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார் மேலும் பழி சுமத்துவது அல்ல என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்களைக் கூப்பிட்டால் கேட்கப்போவது இவ்வளவுதான்: எந்த இடம், எத்தனை பாகம் (சுமார் ஆறடி ஒரு பாகம்) ஆழம், எத்தனை மணி, மடியில் வேறு என்ன வந்தது. கூண்டில் ஏற்றிக் குற்றவாளியாக்கும் விசாரணை அல்ல அது.

விபத்தில் சிதைந்த பாகத்தை அனுமதி இல்லாமல் நகர்த்தக் கூடாது என்பது பொது விதி. ஆனால் தண்ணீரில் கிடப்பதைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவரத் தேவையான அளவு எடுக்கலாம் என்ற விலக்கும் உண்டு. நீங்கள் கரைக்குக் கொண்டுவந்ததில் தவறே இல்லை. தவறு இனிமேல்தான் வரக்கூடும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு, கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்க்க எடுத்து வைத்திருப்பவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தனதாக்கிக்கொள்பவரைத்தான் தண்டிக்கிறது. எண் பொறித்த பட்டை கண்ணெதிரே இருக்கும்போது வழி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் எழுதாத பயம் ஒன்றும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். மடி இழுத்த இடம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமாக இருந்தால்? நம் கடற்கரையில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு. அப்படியானால் வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஆனால் இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். 1974 ஒப்பந்தப்படி பாக் விரிகுடா முழுவதும் இந்தியா, இலங்கை இரு நாடுகளுக்குள் அடங்கிவிட்டது, நடுவே பொதுக்கடல் கிடையாது. விபத்து எந்த நாட்டின் எல்லைக்குள் நடந்ததோ அந்த நாடுதான் விசாரிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பொய்யாகச் சொன்ன ஒரு புள்ளி, தேடும் கப்பலை வேறு கடலுக்கு அனுப்பிவிடும். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றமும்கூட. ஜி.பி.எஸ். கருவியில் அந்தப் புள்ளி இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

இது கடற்படை விமானமாகவும் இருக்கலாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருக்கிறதே. படை விமானம் என்றால் மேலே சொன்ன பணியகம் விசாரிக்காது, அந்தப் படையே விசாரிக்கும். எது என்று பிரித்தறியும் பொறுப்பு உங்களுடையது அல்ல. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. எதில் சொன்னாலும் போதும். மரைன் போலீஸ் நிலையத்தில் மனுவோடு ஒப்படைத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு செய்ததற்கான சீட்டு) கேளுங்கள். பொருளை விவரித்துப் போலீஸ் எழுதும் மகஜரில் பட்டையில் உள்ள எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் கைமாற்றாதீர்கள்.

"பழைய துண்டுதானே, இனி எதற்கு" என்று பெரியவர்கள் கேட்டால் ஒன்று சொல்லுங்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32, வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. ஏழரை ஆண்டுகள் அந்த வீடுகள் திசை தெரியாமல் காத்திருந்தன. கடலுக்குப் போனவர் வராத வீடு எப்படி இருக்கும் என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமான புதுச் சான்று கிடைத்தால், முடிந்துபோன விசாரணையையும் மறுபடி திறக்க வேண்டும் என்பதே சர்வதேச விதி.

வலைக்கு வருகிறேன். விசாரணைப் பணியகம் இழப்பீடு தரும் அமைப்பு அல்ல. கடலில் விழுந்த விமானத்துக்கும் கப்பல் சிதைவுக்கான சட்டத்தையே பொருத்துவது 1934 சட்டக் காலத்து ஏற்பாடு; இப்போதும் அப்படியேதானா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்படி மீட்டவர் நியாயமான வெகுமதி கேட்கலாம், அதைத் தர வேண்டியவர் பொருளின் உரிமையாளர். ஒரு சிறு துண்டுக்கு அது எளிதில் கைக்கு வரும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். இருந்தாலும் கிழிந்த வலையின் புகைப்படம், வாங்கிய பில், அன்று கடலுக்குப் போக வாங்கிய அனுமதி டோக்கன் மூன்றையும் எடுத்து வையுங்கள். மீன்வளத் துறைக்கும், மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். சி.எஸ்.ஆர். நகலை அதோடு இணையுங்கள்.

அதே இடத்தில் மறுபடி மடி போடும்போது ஆரஞ்சு நிறப் பெட்டி ஏதாவது வந்தால், அதைத் திறக்கவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். பெயர்தான் கறுப்புப் பெட்டி, நிறம் ஆரஞ்சு. உப்பு காய்ந்தால் உள்ளே அரித்துவிடும். ஐஸ் பெட்டியைக் காலி செய்து, தண்ணீர் நிரப்பி, அதில் மூழ்க வைத்தே கரைக்குக் கொண்டுவாருங்கள். உருளையோ வெடிப்பொருள் போன்ற எதுவுமோ வந்தால் தொடாமல், படகிலிருந்தே 1554க்குச் சொல்லுங்கள்.